மாத்திரை அக்காவுக்கு, சைடு எஃபெக்ட் எனக்கு

உக்காருங்க, இந்தப் பக்கம் வாங்க, இங்கதான் நெழல் இருக்குது. மோர் வாங்கிட்டீங்களா? பழனிக்கு நடக்கறவங்களுக்கு ரெண்டாவது டம்ளர் கேட்டாலும் குடுக்கறாங்க, கூச்சப்படாதீங்க. எந்த ஊருங்க நீங்க? வெள்ளகோயிலா? நமக்குச் சென்னிமலைங்க. பேரு நாச்சிமுத்து. பெட்ஷீட்டுத் தறி பன்னெண்டு ஓடுது.

சிரிக்கறீங்க பாருங்க. சென்னிமலை மேலயே முருகன் இருக்கறப்ப இவன் எதுக்குத் தாராபுரத்துல வந்து காலப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறான்னுதானுங்களே? எங்க குடும்பத்துக்குப் பழனிதாங்க. எங்கய்யன் காலத்துல இருந்து, ஒண்ணு வேண்டி அது கெடச்சா, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கோணும். உள்ளூர்ச் சாமின்னா அரை மணி நேரத்துல படி ஏறிட்டு வந்துரலாம். அதுல என்னங்க மரியாதை இருக்குது?

இருவத்தாறு வருசமா எங்க வீட்டுல இருந்து நடை விட்டதே இல்லீங்க. ஊருக்கே தெரியும். ஆனா நான் நடக்கறது இதுதான் மொத வாட்டி. இதுக்கு முன்னால எல்லாம் நடந்தது எங்கக்கா.

பூவாத்தான்னு பேரு. என்னையக் காட்டி ஆறு வருசம் மூத்தது. கட்டிக் குடுத்த ரெண்டாம் வருசமே மாமன் லாரில அடிபட்டுப் போய்ட்டாரு. கூட்டிட்டு வந்துட்டோம். அப்ப இருந்து நான்தான் வெச்சுப் பாத்துக்கறேன். வெச்சுப் பாத்துக்கறேன்னா, அதுக்குன்னு ஒண்ணும் சிரமம் இல்லீங்க. வெடியால நாலரைக்கு எந்திரிக்கும், வாசல் தெளிக்கும், பால் காய்ச்சும், தறி ஓட்டறவங்களுக்கு டீ போடும், சோறாக்கும். எல்லாம் அதுவே பண்ணிக்கும். நமக்கு ஒரு தொந்தரவு குடுக்காது.

நம்ம வீட்டுல ஆருக்கு என்ன கஷ்டம்னாலும் மொத வார்த்தை, "அக்கா, வேண்டிக்க"ங்கறதுதான். அது வேண்டிக்கும். கெடச்சா அது நடக்கும். வேண்டுதல் நம்மளுது, நடை அதனுது. நான் என்ன பண்றதுங்க, தறிய உட்டுட்டு நாலு நாள் வர முடியுமா?

தறிக்குக் கரண்டு கனெக்சன் வர்றதுக்கு ஒரு வருசம் நடந்துச்சு. என்ற சம்சாரம் சாந்தாமணிக்குச் சொகப்பிரசவம் ஆனதுக்கு ஒரு வருசம். தம்பி கோயமுத்தூர்ல இருக்கறான், அவனுக்குக் கிட்னில கல்லு, அதுக்கு ஒரு வருசம். பையன் நவநீதன் இன்ஜினியரிங்ல ஒம்போது அரியர் வெச்சிருந்தான். அதுக்கு ரெண்டு வருசம் நடக்க வேண்டியதாப் போச்சு, ஒரே நடைல ஒம்போதும் க்ளியர் ஆகலீங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரனோட ஒரு சொவத்துக் கேசு. கோர்ட்டு விசயம் பாருங்க, நடை மட்டும் பத்தாதுன்னு அக்கா மொட்டையும் போட்டுட்டு வந்துச்சு. ஜெயிச்சுட்டோம். சொவரு இப்ப நம்மளுது. முடிதான் அதுக்கப்புறம் பழையபடி வளரல. வயசாச்சுல்லீங்க.

நானே ஒரு வாட்டி கேட்டேன், "ஏனக்கா, உனக்குன்னு ஒண்ணு வேண்டிக்கறதுதானே"ன்னு. கேட்டனா? கேக்கோணும்னு நெனச்சேன். அந்தச் சமயம் பாத்து நூல் லாரி வந்துருச்சு.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன ஆடிலதாங்க ஆரம்பிச்சுது. வெங்காயம் உரிச்சுட்டு அக்கா அழுதுட்டிருந்துச்சு. வெங்காயம்னா எல்லாரும் அழுகறதுதானன்னு உட்டுட்டேன். அப்புறம் பாத்தா வெண்டக்கா நறுக்கறப்பவும் அழுகுது. சோறு எறங்கல. தூக்கமில்ல. கடைசில எந்திரிக்கறதையே நிறுத்திருச்சு. சொவத்தப் பாத்துப் படுத்துக்கும். "என்னக்கா பண்ணுது"ன்னு கேட்டா, "எதுக்கு நாச்சி எந்திரிக்கோணும்?"ங்குது. இதுக்கு என்னங்க பதில் சொல்றது? "டீ போடறதுக்கு"ன்னு சொன்னேன்.

மந்திரிச்சோம். தாயத்துக் கட்டுனோம். வயித்துக்கு ஸ்கேன் எடுத்தோம், வாயுன்னாங்க. சாந்தாமணிதான் ஒரு நாள் ஆருகிட்டயும் கேக்காம ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டா. ஒரு லேடி டாக்டரு. மனசுக்குப் பாக்கறவங்க. போர்டே அப்படித்தான் இருக்குது, வெக்கமே இல்லாம பெருசா எழுதி வெச்சிருக்கறாங்க. நான் பின்னாலயே பைக்குல போய், தெரிஞ்சவங்க ஆராச்சும் பாக்கறாங்களான்னு பாத்துட்டு உள்ள போனேன்.

"இது மனச்சோர்வுங்க. சோம்பேறித்தனமும் இல்ல, பேயும் இல்ல. மாத்திரை தர்றேன். வேலை செய்யறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். மொதல்ல கொஞ்சம் குமட்டும், வாய் காயும், சிலருக்கு அசதியா இருக்கும். நீங்களா எப்பவும் நிறுத்திரக் கூடாது, கொறைக்கறதுன்னாலும் நான்தான் படிப்படியாக் கொறைக்கோணும்"ன்னாங்க. அப்புறம் சொன்னாங்க: "எல்லா மருந்துலயும் நல்லதும் இருக்கும், சைடு எஃபெக்ட்டும் இருக்கும். ரெண்டையும் எழுதிட்டு வாங்க, எது அதிகம்னு பாத்து முடிவு பண்ணலாம். மாத்திரைய இப்பத்திக்கு வீட்டுல பொறுப்பானவங்க ஒருத்தரு கையில வெச்சுட்டு, தெனம் ஒண்ணு எடுத்துக் குடுக்கோணும்." பொறுப்பானவங்கன்னா ஆரு? நான்தானுங்களே. எழுதறதும் நானே எழுதறேன்னுட்டேன். தறில என்ன ஓடுச்சுன்னு தெனம் எழுதற நோட்டு ஒண்ணு இருக்குது, அதுலயே கோடு போட்டு, இடது பக்கம் நன்மை, வலது பக்கம் சைடு எஃபெக்ட்.

பையிலதான் இருக்குது, இருங்க. இத பாருங்க. நன்மை: தூங்குது. சாப்பிடுது. அழுகல. மூணே வரி, முடிஞ்சுது. இந்தப் பக்கம் பாருங்க, நாலு பக்கம். படிக்கறேன் கேளுங்க.

"பொரட்டாசி மூணு. ஆறே காலுக்குத்தான் எந்திரிச்சுது. கேட்டதுக்கு, தூக்கம் வந்துச்சு, தூங்குனேன்னு பதில்." "பொரட்டாசி எட்டு. வெண்டக்கா புடிக்காதுன்னு சொல்லுச்சு." முப்பது வருசமா அதுவே வாங்கி, அதுவே ஆக்கி, அதுவே திங்குது, இப்பத்தான் தெரியுதாமா புடிக்காதுன்னு. "பொரட்டாசி பதினொண்ணு. சிரிச்சுது. காரணம் தெரியல." "ஐப்பசி ரெண்டு. தனியா பஸ் ஏறி ஈரோட்டுல சினிமா பாத்துட்டு வந்துருக்குது." என்ன படம்னு கேட்டேங்க, எதாச்சும் சாமி படமா இருக்கும்னு. "சண்டைப் படம். நல்லா அடிச்சுக்கறாங்க"ங்குது. "ஐப்பசி ஒம்போது. தம்பி போன்ல சர்க்கரை ஏறிப் போச்சுன்னு அழுதான். நீ நட, கொறையும்னு சொல்லிட்டு வெச்சுருச்சு." முன்னெல்லாம் அவனுக்குச் சர்க்கரைன்னா அக்கா மூணு நாள் சோறு திங்காம பச்சத் தண்ணிலயே கெடக்கும். அவனுக்கு எறங்கிரும். இப்ப அவன் தெனம் நடக்கறான், பாவம், மெலிஞ்சு போய்ட்டான்.

கார்த்திகைல டாக்டர்கிட்ட நோட்டக் குடுத்தேன். நாலு பக்கமும் படிச்சாங்க. அப்புறம் என்னையப் பாத்து, "ஏனுங்க, இதுல மாத்திரை சாப்பிடறது ஆரு?"ன்னாங்க. மேல பேரு எழுதியிருக்குதுங்க, பூவாத்தாள், வயசு அம்பத்தெட்டுன்னு. படிச்சவங்கதான், ஆனா பாத்துப் படிக்கறதில்ல.

"அவங்களுக்கு வாய் காயுதா? தலை சுத்துதா?"ன்னு கேட்டாங்க. அதெல்லாம் நான் கவனிக்கலீங்க, நமக்கு ஆயிரம் வேலை. அப்புறம் அக்காகிட்டயே கேட்டாங்க. அக்கா நிதானமாச் சொல்லுச்சு: "வாய் காயுதுங்க. வெடியால கொஞ்ச நேரம் வயித்தப் பெரட்டும். நாலு கிலோ ஏறியிருக்கறேன், ரவிக்கை புடிக்குது. ஆனா கண்ணு முழிச்சா எந்திரிக்கலாம்னு தோணுதுங்க. எனக்கு அது போதும்."

டாக்டர் அதையே எழுதிக்கிட்டாங்க. நான் நாலு பக்கம் எழுதியிருக்கறேன், அதுல ஒரு வரி எடுத்துக்கல. மாத்திரை அப்படியே தொடரட்டும்னுட்டாங்க. ஆரு சிரமப்படறாங்கன்னு பாக்க வேண்டாமுங்களா? மாத்திரை முழுங்கறது ஒருத்தரு, சைடு எஃபெக்ட் வீட்டுல மத்த எல்லாத்துக்கும்.

அதையும் பொறுத்துக்கிட்டேங்க. மார்கழி பொறந்துச்சு. நவநீதனுக்கு ஜெர்மனில வேலை, விசாவுக்கு இன்டர்வியூ தேதி வந்துருச்சு. நான் எப்பவும் போல, "அக்கா, வேண்டிக்க"ன்னேன். அக்கா டீவி பாத்துட்டிருந்துச்சு. திரும்பக் கூட இல்ல. "நான் வேண்டல நாச்சி. உனக்கு வேணும்னா நீ வேண்டிக்க. கெடச்சா நீ நட"ன்னுருச்சு.

கோவம் வரலீங்க, அழுகதான் வந்துச்சு. என்ற அக்காவா இப்படிப் பேசுது? அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இந்த மாத்திரை தெய்வ பக்தியையே கரைச்சுருதுங்க. இதை எந்த மாத்திரை அட்டையிலும் போட மாட்டாங்க.

நீங்க இதை ஆருகிட்டயும் சொல்லாதீங்க. மாத்திரை என்ற பொறுப்புலதான இருந்துச்சு? சாப்பிட்டு முடிச்சதும் தெனம் ஒண்ணு அக்கா கையில குடுப்பேன். அதே அளவுல வெள்ளையா எலும்புக்கு ஒரு கால்சியம் மாத்திரை இருக்குதுங்க. அதைக் குடுத்தேன். கெட்டதா ஒண்ணும் குடுக்கல, பாருங்க, எலும்புக்கு நல்லதுதான். மார்கழி மட்டும் ஒரு லீவு உட்ட மாதிரி. அக்கா பழைய அக்காவாகி, வேண்டிட்டு, தைப்பூசத்துக்கு நடந்துட்டு வந்துரும். அப்புறம் மறுபடி குடுத்துக்கலாம். நெசமான மாத்திரைய எல்லாம் வீணாக்காம பூசை அலமாரில முருகன் படத்துக்குப் பின்னால வெச்சுட்டேன். அவரு பொறுப்புல இருக்கட்டும்னு.

நாலாம் நாளு அக்கா தலையப் புடிச்சுட்டு உக்காந்துருச்சு. "உள்ளுக்குள்ள கரண்டு அடிக்கறாப்புல இருக்குது"ன்னுச்சு. மழை வர்றாப்புல இருக்குதுல்ல, அதனால இருக்கும்னு சொன்னேன். ஆறாம் நாளு சினிமாவும் இல்ல, சிரிப்பும் இல்ல. வெண்டக்காக் கொழம்பு வெச்சுது. நின்னுட்டே ஒரு வாய் தின்னுச்சு. நான் நோட்டுல எழுதியிருக்கறேன் பாருங்க, "நல்ல முன்னேற்றம்"னு. ஒம்போதாம் நாளு அதுவே என்ற முன்னால வந்து நின்னு, "சரி நாச்சி, பையனுக்கு வேண்டிக்கறேன்"ன்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. கூடவே ஒண்ணு சொல்லுச்சு, "போனா நான் திரும்பி வரல, அங்கயே இருந்துக்கறேன்"ன்னு. "அதெதுக்குக்கா, திரும்பறதுக்கு பஸ்ஸு இருக்குதே"ன்னேன்.

அடுத்த நாள் வெடியால அக்கா கெணத்து மேட்டுல உக்காந்திருந்துச்சு. கால உள்பக்கமாத் தொங்கப் போட்டுட்டு. காத்தாட உக்காந்திருந்துச்சுங்க, வேற ஒண்ணுமில்ல. சாந்தாமணிதான் பால் வாங்கப் போனவ பாத்துப்போட்டு, சொம்பத் தூக்கிப் போட்டுட்டு ஓடிக் கட்டிப் புடிச்சுட்டா. அவ வேற என்னென்னமோ சொல்றா. நான் அப்ப நல்லாத் தூங்கிட்டிருந்தேன், பாக்கல. பாக்காததப் பத்தி எப்படிங்க பேசறது?

அன்னைக்கே ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் கேட்ட மொதக் கேள்வியே, "மாத்திரை குடுத்தீங்களா"ங்கறதுதான். "தெனம் குடுத்தேனுங்க"ன்னேன். பொய்யில்லீங்களே. சாந்தாமணி வீட்டுக்கு வந்து அலமாரியெல்லாம் இழுத்துப் போட்டுத் தேடுனா. முருகன் படத்த நகத்துனா. ஒம்போது மாத்திரை, ஒண்ணு கூடக் கொறையாம இருந்துச்சு. அவ என்னையத் திட்டலீங்க. இருவத்தெட்டு வருசத்துல மொத வாட்டியா என்ற பேரச் சொல்லிக் கூப்பிட்டா. "நாச்சிமுத்து, நீ போய் அவங்ககிட்ட உன்ற வாயால சொல்லு"ன்னா.

சொன்னேன். அக்கா கட்டில்ல படுத்திருந்துச்சு. "உன்ற நல்லதுக்குத்தான்க்கா"ன்னு ஆரம்பிச்சேன். இருவது நாள் என்ற கூடப் பேச்சில்ல. மாத்திரை இப்ப சாந்தாமணி கையில. அவ ஒவ்வொண்ணையும் அட்டைல இருந்து அக்கா முன்னாலயே பிச்சுக் குடுக்கறா.

விசாவா? கெடச்சுருச்சுங்க! அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். மாத்திரை இல்லாம வேண்டுன வேண்டுதல், எப்படிப் பலிச்சுது பாத்தீங்களா? இதை டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவங்க கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க.

விசா வந்த அன்னைக்கு அக்கா எந்திரிச்சு வந்து, தெளிவா உக்காந்து, என்ற கூடப் பேசுச்சு. "நாச்சி, சாமிகிட்ட வாயத் தொறந்து சொல்லியாச்சு. நடக்காம உடக் கூடாது."

"ஆமாக்கா, நானும் அதுதான் சொல்றேன்"ன்னேன். எனக்கு ஒரே சந்தோசம்.

"நான் சொன்னதில்ல அது. மாத்திரை இல்லாதப்ப எவளோ சொன்னா. அவளக் கூட்டிட்டு வந்தது நீ. அதனால நீ நட"ன்னுச்சு. சொல்லிப்போட்டு, அதனோட பச்சை வேட்டித் துணிப் பையி இருக்குதுல்லீங்க, வருசா வருசம் கொண்டு போகும், அதைக் கொண்டு வந்து என்ற மடில வெச்சுருச்சு. இதாங்க அந்தப் பை. வாங்கிக்கிட்டேன். சொன்ன வேண்டுதல நிக்க உட்டு, பையன் பிளேன்ல போறப்ப எதாச்சும் ஆச்சுன்னா?

மூணு நாளாச்சு. தெனம் பொழுது சாஞ்சா அக்காவுக்குப் போன் பண்றேன். கால் எரியுது, இடுப்புப் புடிச்சுக்கிச்சு, காங்கயம் தாண்டறதுக்குள்ள உசுரு போய் வந்துச்சுன்னு எல்லாம் சொல்றேன். பழைய அக்கான்னா அந்நேரம் ஒண்ணும் திங்காம சாமி முன்னால உக்காந்திருக்கும். இப்ப, "தண்ணி நல்லாக் குடி. பாத்து நட. டீவில படம் போட்டுட்டாங்க, வெச்சுரட்டா?"ங்குது. நேத்து பின்னால சாந்தாமணியும் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. ஒட்டுவாரொட்டி போல இருக்குதுங்க.

இத பாருங்க, இந்தக் கால. இங்க ஒண்ணு, குதிகால்ல ரெண்டு, பெருவெரலுக்குக் கீழ இது ஒடஞ்சே போச்சு. தார் ரோட்டுல வெறுங்கால வெச்சா நெருப்புல வெச்ச மாதிரி இருக்குது. பைக்குள்ள ஒரு பழைய வேப்பெண்ணெய்ப் புட்டி கெடந்துச்சு, அரைப் புட்டிதான் மிச்சம். அதைத்தான் தேச்சுட்டிருக்கறேன். அக்கா எதுக்கு வேப்பெண்ணெய் கொண்டு போச்சுன்னு தெரியல. பூச்சி கடிக்காம இருக்கறதுக்கா இருக்கும்.

இந்தக் கொப்புளத்தையும் நோட்டுல எழுதலாம்னு பாக்கறேன். சைடு எஃபெக்ட்லதான எழுதோணும்? மாத்திரை அது சாப்பிடாம இருந்திருந்தா எனக்கு இது வந்திருக்காதே. நீங்க என்ன சொல்றீங்க? இல்ல, சும்மா சொல்லுங்க. என்னங்க என்ற கால அப்படிப் பாக்கறீங்க?

அக்காவுக்கா? அதெல்லாம் வந்ததில்லீங்க. அது திரும்பி வந்ததும் நாங்கெல்லாம் பஞ்சாமிர்த டப்பாவ வாங்கித் தெறப்போம். அது நேராப் பொறக்கடைக்குப் போய், கல்லு மேல உக்காந்து, கால ரொம்ப நேரம் தண்ணில வெச்சுட்டு இருக்கும். சுத்தக்காரி. இருவத்தாறு வருசம் இதே ரோட்டுல நடந்திருக்குது, ஒரு வாட்டி கூட கொப்புளம்னு சொன்னதில்லீங்க. வந்திருந்தா எங்ககிட்டச் சொல்லியிருக்காதுங்களா?